தண்ணீர் போகும் வழி

"மேடம், அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

நடராசன் தன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சுவரில் போட்ட சிவப்புப் பெயிண்ட் கோடு இன்னும் காயவில்லை.

"முடியாதுங்க. உங்க வீடு வடிகால் வாய்க்கால் மேல நிக்குது" என்றாள் நகரமைப்பு அதிகாரி வானதி.

"அப்ரூவல் ஆன மனைன்னு சொல்லித்தானே வித்தாங்க?"

"தெரியும்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தஞ்சாவூருக்கு வெளியே, ஒரு காலத்தில் சம்பா விளைந்த வயல்கள்தான் இப்போது இந்த நகர். போன ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் கீழத்தெருவில் கழுத்தளவு நின்றது. இரண்டு பேர் செத்துப்போனார்கள்.

அதன் பிறகுதான் வானதி இந்தத் திட்டத்தைப் போட்டாள். மூடிக்கிடக்கும் வாய்க்காலைத் திறந்து குளத்தோடு சேர்ப்பது, கரை நெடுக மரம் வைப்பது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி ஒப்புதலும் வாங்கிவிட்டாள்.

அவள் அடுத்த வீட்டை அளக்க நகர்ந்ததும் நடராசன் சர்வேயர் சுஹைபை மெல்லக் கூப்பிட்டார்.

"தம்பி, மேடம் காலையில ஏதாவது சாப்பிட்டாங்களா?"

பட்டுக்கோட்டையிலிருந்து மாற்றலாகி அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த சுஹைபுக்கு என்னவோ போலாகிவிட்டது. வீடு போகப்போகிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது?

வானதியின் செல்போன் அடித்தது. மேலதிகாரி.

"அந்தக் கல்யாண மண்டபத்தை மட்டும் விட்டுடும்மா. மேலேருந்து சொல்லிட்டாங்க."

"சார், வாய்க்கால் குளத்துல சேர்ற இடத்துலயே மண்டபம் நிக்குது. அதை விட்டா, மத்த வீட்டையெல்லாம் இடிச்சாலும் தண்ணி போகாது."

"புரியுதும்மா. ஆனா வேலை நடக்குதுன்னு காட்டணும்ல? நாளைக்கு ஜேசிபி வருது, வீடுகளை எடுத்துடுங்க."

போன் துண்டானது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"மண்டபத்தை விட்டுட்டாங்க" என்றாள் சுஹைபிடம்.

"அப்போ இந்தப் பெரியவரையும் விட்டுடலாமே மேடம்? பாவம். இடிச்சும் ஒரு பிரயோஜனமும் இல்லையே."

"வேற யாரை விட்டாலும் இவரை விடக் கூடாது. முதல் வீடா இதையே எடுக்கச் சொல்லுங்க."

சுஹைப் அவளை வெறுப்போடு பார்த்தான். என்ன பொம்பளை இவள் என்று நினைத்தபடி ஜீப்பை நோக்கி நடந்தான்.

வானதி வாசலுக்குத் திரும்பி வந்தாள். நடராசன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"எல்லாம் காதுல விழுந்துது. அப்போ இந்த மழைக்கும் கீழத்தெருவுல தண்ணி நிக்குமா மேடம்?"

"நிக்கும்."

அவர் தலையாட்டினார். உள்ளே சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

ஜீப்பின் கதவு மூடும் சத்தம் கேட்கும்வரை வானதி காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன், அப்பா."