இடக்கை முடிச்சு

செலஸ்டின் மெல்லிய தூண்டில் நரம்பை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே தடித்ததை எடுத்தான்.

"வஞ்சிரம் புடிக்கப் போறியா, கப்பலக் கட்டி இழுக்கப் போறியால?" எஞ்சின் பக்கத்திலிருந்து அக்கா புருஷன் இருதயம் சிரித்தான்.

செலஸ்டின் சிரிக்கவில்லை. கொக்கியில் இரைபோலச் சிவப்பு இறகை வைத்து, நரம்பை வலப்பக்கமாகச் சுற்றி முடிச்சிட்டான். ஓடும் படகின் பின்னால் இருபது பாகம் நீளத்துக்கு நரம்பை விட்டான். அந்தக் கரையில் எல்லோரும் நரம்பின் மறுநுனியைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொள்வார்கள். மீன் கொத்தினால் விரல் சொல்லிவிடும். அவனுடைய அண்ணன் கஸ்பாரும் அப்படித்தான் சுற்றியிருந்தான். போன ஆடியில் ஒரே இழுப்பில் கடலுக்குள் போனவன் திரும்பவில்லை. அதனால் செலஸ்டின் நரம்பைப் படகின் கட்டையில் கட்டினான்.

சற்று நேரத்தில் நரம்பு அதிர்ந்தது. இழுத்துப் பார்த்தான். மீன் இல்லை. சிவப்பு இறகும் இல்லை. அதே கொக்கியில் ஒரு வெள்ளை இறகு இருந்தது. முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. கஸ்பார் இடக்கையன். அவன் மட்டும்தான் அப்படிச் சுற்றுவான்.

"என்னல மாட்டிச்சு?"

"ஒண்ணுமில்ல மச்சான். கரைக்குத் திருப்பும்."

"வெறுங்கையோட போனா ஒங்கக்கா வீட்டுக்குள்ள விடமாட்டா. திரும்பப் போடுல."

அவன் போடவில்லை. ஆனால் காலடியில் கிடந்த நரம்பு தானாகவே நீருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பதறிக் கட்டையைப் பார்த்தான். அங்கே முடிச்சு இல்லை. பிறகுதான் தன் காலைப் பார்த்தான். பெருவிரலில் இரண்டு சுற்று, இடப்பக்கமாக.