முப்பத்து நான்கு அங்குலம்

காருக்குப் பின்பக்கக் கேமரா மாட்டித் தருவதுதான் என் தொழில். அப்படி மாட்ட வந்த ஒருவரின் காரைப் பின்னால் எடுக்கும்போது, என் கடைப் பலகையிலேயே கொண்டுபோய் இடித்தேன். 'இனி இடிக்கமாட்டீர்கள்' என்று பெரிதாக எழுதி வைத்திருந்த பலகை. உடைந்து விழுந்தது போக 'இனி இடி' மட்டும் மிச்சம்.

பம்பரின் இடது ஓரத்தில் ஒரு கீறல். வேறு ஆளாக இருந்தால் என் பரம்பரையையே தெருவுக்கு இழுத்திருப்பார். இவருக்கு முப்பது வயதிருக்கும். கீறலைப் பார்க்கக்கூட இல்லை.

"பரவாயில்லண்ணே. யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?"

"பலகைக்குத்தான் சார் அடி. அது போய் யார்கிட்டயும் சொல்லாது, பயப்படாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. "முதல்ல உங்க வாய்க்கு ஒரு கேமரா மாட்டுங்க, எங்க போய் முட்டும்னு தெரியாமலே விடுறீங்க" என்று என் மனைவி சொல்லாத நாள் கிடையாது. வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

நம்பர் பிளேட்டுக்கு மேலே, வழக்கமான இடத்தில் கேமராவைப் பொருத்தினேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் திரையை ஒட்டினேன். சோதித்துக் காட்டுவதற்குக் காரின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைப்பது என் பழக்கம்.

"வாளி வேண்டாம்ணே" என்று அவர் டிக்கியைத் திறந்தார். சின்ன மரக்கட்டையில் ஆணி அடித்து நிறுத்திய ஒரு குச்சியை எடுத்தார். நுனியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"முப்பத்து நாலு இன்ச். இது தெரியுதான்னு பார்க்கணும்."

"ஓ, வீட்டுல வாண்டு இருக்கா? பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

"அப்ப வருஷா வருஷம் குச்சிய மாத்தணும் சார். பொண்ணுங்க கடகடன்னு வளந்துடும்."

"இதே போதும்ணே."

சிக்கனக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் இடது பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் குச்சியை நிறுத்தினார். எழுந்து பார்த்தார். மறுபடி மண்டியிட்டு, நாலு விரற்கடை உள்ளே தள்ளி வைத்தார்.

நான் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் கியர் போட்டேன். திரையில் எதிர்ச்சுவர் தெரிந்தது. சுவரோரம் படுத்திருந்த நாய் தெரிந்தது. என் மானத்தை வாங்கிய பலகையும் பளிச்சென்று தெரிந்தது. குச்சியை மட்டும் காணவில்லை.

"தெரியலயாண்ணே?" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தெரியல சார்."

"நல்ல கேமராதானே? இருந்தும் தெரியலயா?"

"அந்த மூலை அப்படி சார். எல்லா வண்டிக்கும் இருக்கிற வியாதிதான்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஏறியிருந்த தோள்கள் இரண்டும் இறங்கின. "சரிண்ணே. போதும், விட்டுடுங்க."

விட்டிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருஷத் தொழில்காரனுக்கு அது எப்படி முடியும்? பாதி மானம் பலகையோடு போயிருந்தது. மீதியையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

"சின்னக் குழந்தை இருக்கிற வீடு சார். தெரியலன்னு உங்கள அப்படியே அனுப்பினா எனக்குச் சோறு இறங்காது. பத்தே நிமிஷம்."

"வேண்டாம்ணே..."

"அட, நீங்க உக்காருங்க சார்!"

அகலமாகக் காட்டும் லென்ஸ் வைத்த இன்னொரு கேமராவை எடுத்தேன். பம்பரில் நான் போட்ட கீறலின் மேலேயே துளை போட்டேன். கீறலும் மறைந்தது, மூலையும் கிடைத்தது. லென்ஸைத் தரையைப் பார்க்கச் சாய்த்து முடுக்கினேன். பத்து நிமிஷம் என்றது முக்கால் மணி நேரமானது. அவர் என் முக்காலியில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி ரிவர்ஸ் கியர். திரைக்கு நட்டநடுவில் மஞ்சள் துணி.

"சார், ஓடி வாங்க! தலையிலேர்ந்து கால் வரைக்கும் தெரியுது! அரைத்தூக்கத்துல ஓட்டுறவன்கூட பிரேக் போட்டுடுவான்!"

அவர் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, நான் இறங்கிய இடத்தில் உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் துணி காற்றில் லேசாக ஆடியது. அவர் கால் தானாகப் போய் பிரேக்கை அழுத்தியது. நிற்கிற வண்டிக்கு எதற்குப் பிரேக் என்று நினைத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினார். திரை கறுத்தது.

"கழட்டிடுங்கண்ணே. ரெண்டையும்."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன குறை சார்? படம் கலங்கலா இருக்கா?"

"இல்ல."

"திரை சின்னதா இருக்கா?"

"இல்லண்ணே."

"பலகையில இடிச்சேனே, அந்தக் கோவமா?"

இல்லை என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

"பின்ன என்னதான் சார்? வாயத் தொறந்து சொல்லுங்க. நாளைக்கே பாப்பா வந்து வண்டிக்குப் பின்னாடி நின்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் இறங்கிப் பின்னால் போனார். குச்சியைத் தூக்கி, அதிலிருந்த தூசியைத் தட்டி, இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அவ இல்லண்ணே. அன்னிக்கு இந்தக் கேமரா இருந்திருந்தா, அவ தெரிஞ்சிருப்பாளான்னு பார்க்கத்தான் வந்தேன்."