சரிந்து நிற்கும் பிறை

பிறை கடலுக்கு மேலே இடப்பக்கம் சரிந்து நின்றது. அவள் கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

திருநெல்வேலியில் அம்மா மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குவது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை வரை கேட்டது.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதமாகிறது. கேட்டால், நல்லாத் தெரியுது என்பாள். ஆபரேஷனுக்கு முன்னாலும் அதையேதான் சொன்னாள். படியில் தவறி விழுந்த அன்று காலையிலும்.

அம்மாவின் வாயை நம்ப முடியாது.

கண் தெரியவில்லை என்றால் அந்த வீட்டில் தனியே விட்டுவைக்க முடியாது. பூட்டிவிட்டு இங்கே கூட்டிவர வேண்டும். அம்மா செத்தாலும் வரமாட்டாள்.

அதனால்தான் இந்தத் தந்திரம். மூன்றாம் நாள் பிறையைப் பார்த்தால் கண்ணுக்கு நல்லது என்று சொல்லி மாடிக்கு அனுப்பியாயிற்று. எப்படி இருக்கிறது என்று அம்மா சொல்லட்டும். சரிபார்க்க இவள் கண் முன்னாலேயே அதே பிறை இருக்கிறது.

நல்ல மகள். பெற்றவளுக்கே பரீட்சை வைக்கிறாள்.

"தெரியுதாம்மா?"

"ஏன் தெரியாம? படகு கணக்கா மல்லாந்து கெடக்கு. ரெண்டு கொம்பும் மேல. அதுக்கு நேர் மேல ஒரு வெள்ளி."

அவள் பிறையை மறுபடி பார்த்தாள்.

மல்லாந்து கிடக்கவில்லை. ஒருக்களித்து நிற்கிறது. கொம்புகள் வலப்பக்கம். வெள்ளியும் நேர் மேலே இல்லை, வலப்பக்கம் தள்ளி மினுங்குகிறது.

வெள்ளி.

பார்க்காமல் சொல்கிறவளுக்கு வெள்ளி எப்படித் தெரியும்?

எதிரே மேற்கு. கடலும் வானமும் தொடும் கோடு. வலக்கைப் பக்கம் வடக்கு. அந்தப் பக்கம்தான், இத்தனை தண்ணீரையும் தாண்டி, பூமி வளைந்து வளைந்து போய், அந்த மொட்டைமாடி.

உச்சி என்றால் நிற்பவர் தலைக்கு நேர் மேலே. பள்ளிக்கூடத்தில் படித்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி.

ஆளுக்கொரு உச்சி. அம்மாவின் உச்சி இங்கிருந்து வடக்கே சாய்ந்திருக்கும்.

மெல்லத் தலையை வலப்பக்கம் சாய்த்தாள்.

பிறை அசைந்தது. இன்னும் சாய்த்தாள். காது தோளைத் தொட்டது. கொம்புகள் இரண்டும் மேலே எழுந்தன. வெள்ளி அவற்றுக்கு நேர் மேலே போய் நின்றது.

படகு.

அம்மா சொன்ன அதே படகு.

 பிறை சரியவே இல்லை. இவள்தான் இந்தப் பெரிய உருண்டையின் ஓரத்தில் சரிந்து நிற்கிறாள். வீடு வாங்கி, பிள்ளை பெற்று, காலையில் பேருந்து பிடித்து, இத்தனை வருடமாக. நேராக நிற்பதாக நினைத்துக்கொண்டு.

அப்பப்பா, எவ்வளவு பெரியது.

அந்த உருண்டையில் அம்மா ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இவள் ஒரு பக்கம். இரண்டு பேரும் விழவில்லை.

"ஏட்டி, சத்தத்தையே காணும்?"

 இடக்கண்ணிலிருந்து வழிந்த நீர் மூக்கைத் தாண்டி வலக்கண்ணுக்குள் இறங்கியது.

அம்மா சிரித்தாள். 

"என்ன, பாஸா பெயிலா?"

"பாஸும்மா" என்றாள்.

அம்மா இறங்கிப்போகும் சத்தம் கேட்டது. பிறை கடலைத் தொட்டது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. வடக்குப் பக்கமாகவே சாய்ந்திருந்தாள்.