ஆகாத ஆட்டம்

டிவியில் போட்டு விளையாடும் சண்டை கேம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் லாவண்யா.

"எட்டி உதைக்கிறான், மூஞ்சியில குத்துறான். இத வீட்டுக்குள்ள விட்டதே நம்ம தப்பு."

"ரெண்டு பேரும் சோறு தண்ணி மறந்து ஆடிகினு கெடக்குறாங்க. நேத்து தோத்த கோவத்துல பேசிக்கவே இல்ல" என்றான் ஹேமநாத்.

"திட்டிப் பாக்கலாமா?"

"வேணாம், ஏங்கிப் போயிடுவாங்க. ஒளிச்சு வெச்சிடலாம்."

அதற்குள் தறிக்கூடத்திலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "லாவண்யா, அந்த கேசட்ட குடும்மா. அப்பாவ ஒரே ஒரு வாட்டி ஜெயிச்சிட்டு வந்துடறேன்."

லாவண்யா தம்பியைப் பார்த்தாள். கேசட்டைத் தன் ஆறாம் வகுப்புப் புத்தகப் பைக்குள் போட்டு மூடினாள்.

"தறியில நிக்கிற முகூர்த்தப் புடவைய முதல்ல முடிங்க. அப்புறம் தரேன்."