விளக்கு நிலைக்கும் வரை

உணவில் நஞ்சு இல்லை என்று டிடெக்டர் 'பீப்' சொன்னால்தான் தாய்ப்பாலைக்கூடக் கொடுக்கலாம், அது சட்டம். வீடு வீடாகப் போய் அந்தக் கருவியைப் பழுதுபார்ப்பவள் சுடர்க்கொடி. இன்று அவள் வீட்டுக் கருவியிலேயே விளக்கு போய்விட்டது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விளக்கு ஆறுவதற்கு இருபது நிமிடம் காத்திருந்தாள். ஐந்து மாதப் பிள்ளை வீறிட்டு அழ, பதற்றத்தில் கையுறை போடாமல் புது விளக்கின் கண்ணாடியைத் தொட்டுத் தொலைத்தாள். விரல் பிசுக்கு இருந்தால் விளக்கு கெட்டுவிடும் என்று, பட்ட இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினாள். இனி அது சூடாகி நிலைக்க அரைமணி நேரம் ஆகும். மூன்று முறை போய்த் திரையைப் பார்த்தாள். கோடு நேராகாமல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பால் கசிந்து ரவிக்கை நனைந்துவிட்டது.

"குடுத்துரு சுடர், யாரு பாக்கப் போறா?" என்றான் கணவன் பரிதி.

"ஊர்ல இருக்கிற தாய்ங்களையெல்லாம் பொறுத்துக்கங்கன்னு சொல்றவ நான்," என்றபடியே பிள்ளையை வாரியெடுத்து மார்போடு அணைத்தாள்.

பிள்ளை குடிக்கவில்லை. அழுகையை நிறுத்தி, உதட்டை இறுக மூடிக்கொண்டு, தலையைத் திருப்பிக் கருவியையே பார்த்தது.

சற்று நேரம் அவளும் அதையே பார்த்தாள். பிறகு பிள்ளையின் காதருகே குனிந்து, "பீப்" என்றாள்.

பிள்ளை வாயைத் திறந்தது.