ஒரு சொட்டுச் சாட்சி

“நெசமாவே கட்டிதானா டாக்டரய்யா? கைக்கு அப்படித் தெரியலாம். நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

வைத்தியலிங்கம் விட்டபாடில்லை. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடியிலிருந்து மருமகள் கோமுவை வண்டி கட்டிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தார்.

கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் கிடந்தாள் கோமு. கம்பளிக்கு மேலேயும் வயிறு மேடாகத் தெரிந்தது. அவள் நடுங்குகிற நடுக்கத்தில் பெஞ்சும் சேர்ந்து கிடுகிடுத்தது.

“சந்தேகமே இல்ல பெரியவரே. மண்ணீரல் வீங்கிக் கட்டியாட்டம் நிக்கி. எதனால வீங்கிச்சுன்னு ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியும்,” என்ற டாக்டர் தேவசிகாமணி, கோமுவிடம் திரும்பினார்.

“தாயி, ரெண்டுல ஒண்ணா இருக்கும். மலைக்காய்ச்சல்னா கொயினா மருந்து இருக்கு, பொழைச்சுக்கிடுவ. ரத்தத்துல வெள்ளை அணு கண்டபடி பெருகிக் கெடந்தா, அது ரத்தப் புத்துநோய். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல.”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ரெண்டுமே சீக்குதானே அய்யா?” என்று கேட்டாள் அவள்.

“ஆமா.”

“அப்பஞ் சரி. குத்துங்க.”

விரலை நீட்டினாள். முகத்தில் லேசாகச் சிரிப்புக்கூட இருந்தது. பாவம், காய்ச்சல் மயக்கத்தில் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயம் ஏற்றி, சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த பூதக்கண்ணாடிக் கருவிக்கு அடியில் வைத்தார். வைத்தியலிங்கம் பின்னாலேயே வந்து குனிந்தார்.

“மூச்சைக் கொஞ்சம் அங்கன போய் விடும் பெரியவரே. கண்ணாடி வேர்க்கு.”

“இது பொய் சொல்லாதுல்லா?”

“மனுசன் சொல்லுவான். இது சொல்லாது.”

“நீங்களும் எங்களுக்காவ மாத்திச் சொல்லிராதீய.”

பெற்ற மகளுக்கே வேப்பிலையை அரைத்துக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறவர்களைத்தான் டாக்டர் பார்த்திருக்கிறார். மருமகளுக்காக இப்படித் தவிக்கிற மாமனாரை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

முறத்தில் கொட்டிய கேப்பை போலச் சிவப்பணுக்கள் பரவிக் கிடந்தன. வெள்ளை அணுக்களைத் தேடினார். அங்கொன்று இங்கொன்று, இருக்க வேண்டிய அளவுக்குத்தான் இருந்தன. சில்லை நகர்த்தினார். சில சிவப்பணுக்களுக்குள்ளே சின்னஞ்சிறு மோதிரம் போல வளையம். காய்ச்சல் கிருமி.

நெல் மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது அவருக்கு.

“புத்து இல்ல தாயி. மலைக்காய்ச்சல்தான். கசப்பைப் பாக்காம மருந்தைக் குடி, வீக்கம் பைய வடிஞ்சிரும்.”

அத்தனை நேரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் கம்பளிக்குள் முகத்தை வைத்துத் தேம்பினாள்.

“பொழைச்சுக்கிட்ட, இப்பப் போய் எதுக்கு அழுத? ஊருக்குப் போனதும் மொதல்ல ஒம் புருசன்ட்ட சொல்லு. அவன் அங்கன என்ன பாடுபடுதானோ.”

வைத்தியலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மருமகளின் காலடியில் போய் நின்றார்.

“எம் மவன் செத்து மூணு வருசமாச்சு டாக்டரய்யா,” என்றார், தரையைப் பார்த்தபடி. “இந்த வயித்தைப் பாத்துட்டுத்தான் ஊரைக் கூட்டி இவளைத் தள்ளி வச்சேன்... எந்திரி தாயி, நம்ம வீட்டுக்குப் போவோம்.”