மேல்மாடத்து வசவு

"போதும்டி ஆட்டம்! வீட்டுக்குப் போய்ச் சோறு வடி!"

தனக்கு முன்வரிசையிலிருந்து எழுந்த அக்குரலைக் கேட்டு விர்யவான் திடுக்கிட்டார்.

ஜகார்த்தாவின் செனயான் அரங்கில், ரெங்கானிஸின் மட்டை இறகுப்பந்தைத் தொடும்போதெல்லாம் "ஏயா!" என்று கூரை அதிரும். எதிராளி தொட்டால் "ஊ...!" அங்கே அதுதான் வழக்கம். சொந்த நாட்டுக்காரியை, அதுவும் இருமுறை உலகப் பட்டம் வென்றவளை, ஒருவன் வைது விர்யவான் கேட்டதேயில்லை. முப்பது ஆண்டுகளாக விளையாட்டைப் பற்றியே பத்திரிகையில் எழுதிவருபவர் அவர். பத்திரிகையாளர் இருக்கையை விட்டுவிட்டு மேல்மாடத்துக் கூட்டத்தில் அமர்வதே அவருக்குப் பிடிக்கும்.

பிள்ளை பெற்றபின் ரெங்கானிஸ் களமிறங்கும் முதல் பெரிய போட்டி இது. இன்றைய காலிறுதியில் தோற்றால் தேசிய அணியில் அவளுக்கு இனி இடமில்லை என்பதை அரங்கமே அறிந்திருந்தது.

முடிவை உறுதிசெய்யும் மூன்றாவது ஆட்டம். பதினான்குக்குப் பத்தொன்பது. எதிரே நின்ற பதினெட்டு வயதுக் கொரியப் பெண்ணுக்கு இன்னும் இரண்டே புள்ளிகள் வேண்டும்.

"கிழடு தட்டிப் போச்சு! சின்னப் பிள்ளைங்களுக்கு வழிய விட்டு ஒதுங்குடி!"

மீண்டும் அவனேதான். அவன் மார்பில் கட்டிய பத்திக் துணித் தூளியில், காதுகளில் பஞ்சுடன் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

விர்யவானுக்குப் பொறுக்கவில்லை. அவன் தோளைத் தட்டினார்.

"தம்பி, வாயைக் கழுவிட்டுப் பேசு. அவ யாருன்னு தெரியுமா?"

"நல்லாவே தெரியும் ஐயா."

"தெரிஞ்சுமா இந்தப் பேச்சு? பச்சைக் குழந்தைய நெஞ்சுல கட்டிக்கிட்டு ஒரு தாயைத் திட்டுறியே!"

"அது தூங்குது. அதுக்கு எங்க கேக்கப்போகுது?"

பக்கத்து இருக்கைப் பெண், ஆரவாரம் எழுப்பக் கையில் வைத்திருந்த காற்றடைத்த தட்டுகோலால் அவன் தலையில் ஒரு போடு போட்டாள்.

"குழந்தைய வாங்கிக்கிட்டு இவனைத் தூக்கிக் கீழ போடுங்கய்யா!"

அவன் தலையைத் தடவியபடியே எழுந்து நின்று கத்தினான்.

"பிள்ளை பெத்தவளுக்குப் பதக்கம் ஒரு கேடா?"

கீழே ரெங்கானிஸ் நிமிர்ந்தாள். குரல் வந்த திசையை நோக்கி மட்டையை ஓங்கிக் காட்டினாள்.

அடுத்து அவள் அறைந்த அறையில் கொரியப் பெண் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஏயா!"

பதினைந்து. பதினாறு. பதினேழு. அதன்பின் எண்ணுவதற்கு எவருக்கும் பொறுமையில்லை. இருபத்தொன்றாவது புள்ளி கோட்டின் மீது விழுந்தபோது அரங்கம் எழுந்து நின்றது.

"பார்த்தியா?" விர்யவான் வெற்றிக்களிப்புடன் கேட்டார். "உன்னை மாதிரி ஆளுங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டா!"

"பூசிட்டாங்கய்யா" என்று அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

தடுப்பைத் தாண்டி, படியேறி, ரெங்கானிஸ் நேரே அவனிடம் வந்தாள். கன்னத்தில் ஓர் அறை விழப்போகிறதென்று கூட்டம் ஆவலுடன் வழிவிட்டது.

அவளோ தூளியை அவிழ்த்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"தொண்டையில என்ன அடைப்பு? முதல் ஆட்டத்துல நீ கத்துனது கேக்கவே இல்ல."

விர்யவான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, நீ..."

"இவ புருஷன் ஐயா. வீட்டுல சோறு வடிக்கிறதும் நான்தான்."

"அப்புறம் ஏன்ப்பா அப்படி வைதே?"

"தளர்ந்தா இதையே கத்தணும்னு அம்மணியோட உத்தரவு. நானா எதையும் சொல்லல. 'தாய்மையே பெண்ணின் தலையாய பதக்கம். இளையோர்க்கு வழிவிட்டு இல்லறத்தின் இனிமையை நாடுதலே பண்பு'ன்னு நேத்துப் பத்திரிகையில எவ்வளவு அழகா எழுதியிருந்தாங்க! அதையே நான் தெருப் பேச்சுல சொன்னேன், அவ்வளவுதான்."

"யாருய்யா அதை எழுதினவன்?" பக்கத்து இருக்கைப் பெண் தட்டுகோலை மறுபடியும் ஓங்கினாள்.

ரெங்கானிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்வை மட்டும் விர்யவானின் முகத்தை விட்டு அகலவில்லை.

"ஐயாவை அடிச்சிடாதீங்க அக்கா. நாளைக்கு அரையிறுதி. அதுக்குள்ள அவர் எனக்கு இன்னொண்ணு எழுதித் தரணும்."